எங்கள் ஆனையூர் வீட்டுக் குழுவில்: மைசெல்ஃப், தெம்செல்வ்ஸ், ஈச் அதர்

நிலா: அக்கா, மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்கு ஒரு மாதிரித் தாள் போட்டுப் பார்த்தேன். பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் ஆறு தப்பு, அதில் நான்கு இந்த மைசெல்ஃப், தெம்செல்வ்ஸ் வகையறா. ஈச் அதர் எங்கே வரும், தெம்செல்வ்ஸ் எங்கே வரும் என்றே பிடிபடவில்லை.

செல்லூர் சித்தி: ராத்திரியிலிருந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சம் சொல்லிக் கொடும்மா.

நான்: தப்பாகப் போன வாக்கியம் ஒன்றை அனுப்பு நிலா.

நிலா: ‘தி டூ பிரதர்ஸ் ஹிட் தெம்செல்வ்ஸ்.’ அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். எனக்கு இது சரியாகத்தான் தெரிகிறது.

நான்: குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார். ‘அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள்’ என்றால் இவன் அவனை, அவன் இவனை. ‘இழவு வீட்டில் மாரில் அடித்துக்கொண்டார்கள்’ என்றால் அவரவர் தன் மாரில். நம் ‘கொள்’, பேச்சில் ‘கிட்டாங்க’, இரண்டு வேலையையும் ஒன்றாகவே செய்துவிடுகிறது, எது என்று இடம் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. அடி அவரவர் மேலேயே விழுந்தால் தெம்செல்வ்ஸ், இவன் அடி அவன் மேலும் அவன் அடி இவன் மேலும் விழுந்தால் ஈச் அதர். நீ எழுதிய வாக்கியத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகத் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறார்கள்.

நிலா: ஓ! அப்படியென்றால் முதலில் தமிழில் ‘ஒருவரையொருவர்’ போட்டுப் பார்க்கலாமா?

நான்: அதேதான். ‘ஒருவரையொருவர்’, ‘ஒருவருக்கொருவர்’ பொருந்தினால் ஈச் அதர். ‘தன்னைத்தானே’ பொருந்தினால் செல்ஃப் குடும்பம்.

கதிர்: அக்கா, ‘கொண்டேன்’ வந்தாலே மைசெல்ஃப் போட வேண்டுமா? ஷேவ் செய்துகொண்டேன், பல் தேய்த்துக்கொண்டேன், எல்லாவற்றிலும் வருகிறதே.

நான்: இல்லைடா. ‘ஐ ஷேவ்ட்’ போதும். பல், விரல், தலை என்று உடம்பில் ஓர் இடத்தைச் சொன்னால் அங்கே மை, ஹர் வந்துவிடும்: ‘ஐ பிரஷ்ட் மை டீத்’. அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டாள் என்றால் ‘ஷீ கட் ஹர் ஃபிங்கர்’. விரலைச் சொல்லாமல் வெட்டிக்கொண்டாள் என்று மட்டும் சொன்னால் ‘ஷீ கட் ஹர்செல்ஃப்’. ரிலாக்ஸ், கான்சன்ட்ரேட் இரண்டுக்கும் செல்ஃப் ஒட்டவே ஒட்டாது.

அதே நேரம், சில வினைகளுக்கு அது இல்லாமல் முடியாது, தேர்வில் திரும்பத் திரும்பக் கேட்பதும் அதைத்தான். ‘அவெய்ல் யுவர்செல்ஃப் ஆஃப் தி ஆஃபர்’ என்பதுதான் அவர்கள் எதிர்பார்க்கும் விடை. ஆடி மாதத்தில் மாசி வீதிப் பக்கம் போனால் ‘அவெய்ல் தி ஆஃபர்’ என்றுதான் பலகை இருக்கும், பார்த்துப் பார்த்து நமக்கு அதுவே சரியென்று பதிந்துவிட்டது. வகுப்புக்கு வராமல் இருந்தான் என்பதற்கு ‘ஹி ஆப்சன்டட் ஹிம்செல்ஃப்’. ‘வி என்ஜாய்ட் அட் கொடைக்கானல்’ என்று நிறுத்தக்கூடாது, ‘வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்’ அல்லது ‘வி என்ஜாய்ட் தி ட்ரிப்’.

பெரியப்பா: தாயி, மாடி போர்ஷன் வாடகைக்கு விடப் பலகை எழுதக் கொடுத்திருக்கிறேன். ‘ப்ளீஸ் கான்டாக்ட் மை சன் ஆர் மைசெல்ஃப்’. வெறும் ‘மி’ என்றால் மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று பணிவாகப் போட்டேன்.

நான்: நிறையப் பேர் அப்படி நினைத்துத்தான் எழுதுகிறார்கள் பெரியப்பா. ஆனால் மைசெல்ஃப் வர, செய்கிறவரும் நானாக இருக்க வேண்டும். இங்கே தொடர்பு கொள்ளப்போவது வீடு பார்க்க வருகிறவர். அதனால் ‘மை சன் ஆர் மி’. ‘மைசெல்ஃப் நிலா’ என்று அறிமுகம் செய்வதும் இதே கணக்குதான், ‘ஐ ஆம் நிலா’ போதும்.

பெரியப்பா: சரி. இரண்டு பேர் என்றால் ஈச் அதர், அதற்கு மேலே போனால் ஒன் அனதர் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். அது?

நான்: அது பழைய விதி. 1926இலேயே ஃபவுலர் என்கிற ஆங்கில அகராதிக்காரர் அந்த வேறுபாட்டால் பயனும் இல்லை, பழைய வழக்கில் ஆதாரமும் இல்லை என்று எழுதிவிட்டார். எழுத்தில் இரண்டும் சரி. தேர்வில் இரண்டையும் எதிரெதிரே வைத்துக் கேட்டால் மட்டும் வாத்தியார் சொன்னபடி குறி, நிலா.

கதிர்: எனக்கும் ஒன்று. மேலாளர் காய்ச்சலில் படுத்திருந்தபோது ‘டேக் கேர் ஆஃப் யுவர்செல்வ்ஸ் சார்’ என்று அனுப்பினேன். நீங்கள் என்பது மரியாதைதானே?

நான்: நம் ‘நீங்கள்’ ஒருவருக்கும் போகும், பத்துப் பேருக்கும் போகும். ஆங்கிலத்தில் ‘யு’வும் அப்படியே, ஆனால் செல்ஃப் சேரும்போது தலையை எண்ணிவிடுவார்கள். ஒருவர் எவ்வளவு பெரியவர் ஆனாலும் யுவர்செல்ஃப். குடும்பத்துக்கே சொன்னால் யுவர்செல்வ்ஸ்.

நிலா, இப்போது இருப்பதிலேயே கஷ்டமான இடம். ‘கதிர் தன்னை அடித்தான் என்று பெரியப்பா சொன்னார்.’ அடி வாங்கியது யார்?

நிலா: பெரியப்பாதான்.

பெரியப்பா: என்னை எதற்கு இழுக்கிறீர்கள் 😄

நான்: சரியான விடை. நம் ‘தன்’ பக்கத்தில் இருக்கிற கதிரை விட்டுவிட்டு, தூரத்தில் இருக்கிற பெரியப்பாவைப் போய்ப் பிடிக்கிறது. ஆங்கில ஹிம்செல்ஃப் அவ்வளவு தூரம் போகாது. ‘பெரியப்பா செட் தட் கதிர் ஹிட் ஹிம்செல்ஃப்’ என்று எழுதினால் கதிர் தன்னையே அடித்துக்கொண்டான். நீ நினைத்தது வர வெறும் ‘ஹிம்’ போட வேண்டும். ‘தன்னை’ கண்ட இடத்திலெல்லாம் ஹிம்செல்ஃப் என்று மாற்றுகிற பழக்கத்தால், நன்றாக எழுதுகிற பிள்ளைகளே இங்கே சறுக்குவதை டியூஷனில் வருஷா வருஷம் பார்க்கிறேன், பாவமாக இருக்கும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். மை, யுவர், அவர் வருகிறதே என்று ஹிஸ்செல்ஃப், தேர்செல்வ்ஸ் என்று எழுதாதே, ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ்தான். ‘ஈச் அதர்’ஸ் ஹவுஸ்’ என்று எழுதும்போது அந்த மேற்குறி எஸ்ஸுக்கு முன்னால் வரும்.

நிலா: இருங்கள் அக்கா, எழுதிப் பார்க்கிறேன்.

நிலா: ‘அம்மா அண்ட் சித்தப்பா ஹெல்ப் ஈச் அதர்.’ ‘தி பாய் ஹர்ட் ஹிம்செல்ஃப்.’ ‘வி மெட் அவர்செல்வ்ஸ் அட் தல்லாகுளம் டியூரிங் எதிர்சேவை.’ சரியா?

செல்லூர் சித்தி: அப்பாவை ஏன்டி சித்தப்பா என்கிறாய்?

நிலா: அக்காவுக்குப் புரியட்டும் என்றும்மா.

நான்: முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் பழைய ‘கொண்டோம்’ திரும்பி வந்துவிட்டது பார், சந்தித்துக்கொண்டோம். ஒருவரையொருவர்தானே சந்தித்தோம்? ஈச் அதர் போட்டால் சரி. ஆனால் ‘மீட்’ என்ற சொல்லுக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது, ‘வி மெட் அட் தல்லாகுளம்’ என்றாலே போதும். அந்த நான்கு கேள்விகளையும் இப்போது மறுபடி போட்டு அனுப்பு.