மறு: டச்சு ‘புர்கமேஸ்டர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> மேயர் என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். புர்கமேஸ்டர் என்பது டச்சு நகராட்சியின் தலைமைப் பதவி, ஆனால் நம் மேயர் மாதிரி அல்ல. கட்டுரைக்கு எடுத்திருக்கும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தையே பாருங்கள். 1246இல் ஹாலந்துக் கோமகன் இரண்டாம் வில்லெம் அதற்கு நகர உரிமை கொடுத்தார். பிற்பாடு அதிகாரம் நாற்பதின்மர் அவையின் கைக்குப் போனது. பொதுத்தேர்தல் கிடையாது. ஓர் இடம் காலியானால் மிச்சமிருப்பவர்களே தங்கள் வட்டத்துப் பணக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். நகரை நடத்த ஒரே சமயத்தில் நான்கு புர்கமேஸ்டர்கள்! 1618 தீ விபத்துக்குப் பின் ஹென்ட்ரிக் டி கெய்சர் கட்டித் தந்த நகர மாளிகையில் நான்கு மேயர்கள் உட்கார்ந்தார்கள் என்று எழுதினால், நம் வாசகர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

இன்னொன்று. 1810 முதல் 1813 வரை நெதர்லாந்து பிரான்ஸோடு இணைக்கப்பட்டிருந்தபோது, மேயர் என்று பொருள்படும் ‘மேர்’ என்ற பிரெஞ்சுப் பட்டம் அங்கேயும் வந்தது. நெப்போலியன் ஆட்சி போனதும் அதையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள்.

> நகர்மன்றத் தலைவர்?

தமிழ்நாட்டில் அவர் மன்ற உறுப்பினர்களில் ஒருவர், உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பவர். டச்சு புர்கமேஸ்டரை மன்றம் பரிந்துரைக்கலாம், நியமிப்பது மன்னரின் ஆணை. பதவிக்காலம் ஆறு ஆண்டு. டச்சு அரசியல்வாதி தோர்பெக்க 1851இல் கொண்டுவந்த நகராட்சிச் சட்டத்திலிருந்து நியமனம் என்பது மாறவில்லை. மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், ஓட்டுப் போட முடியாது. அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் ஆட்சிக்குழுவுக்கும் அவரே தலைவர், அங்கே ஓட்டு உண்டு.

அவையை நடத்துபவர் என்ற பொருளில் சபாநாயகர் நமக்குப் பழகிய சொல். அதை ஒட்டி ‘நகரநாயகர்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. நால்வர் இருந்த காலத்துக்கும் ‘நகரநாயகர் நால்வர்’ என்று உறுத்தாமல் வரும். ‘நாயகர்’ வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். ‘நகரத்தார்’ என்று மட்டும் யாரும் முன்மொழியாதீர்கள், காரைக்குடிப் பக்கம் விளக்கம் சொல்லி மாளாது.

அப்புறம் ‘வெட்ஹவுடர்’, அதாவது ஆட்சிக்குழுவில் புர்கமேஸ்டரோடு உட்காருபவர். துணை மேயர் சரிவராது. மன்றம் நியமிக்கும், ஆளுக்குச் சில துறைகள். 2002 முதல் மன்ற உறுப்பினராகவும் இருக்கக்கூடாது. தற்போதைக்கு ‘துறையாளர்’ என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் மாற்றிவிடலாம்.

தலைப்பில் ‘டெல்ஃப்ட் நகரம்’ என்றே இருக்கட்டும். நெடுந்தீவுக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயரும் டெல்ஃப்ட்தான், யாழ்ப்பாணத்து வாசகர்கள் தீவைத் தேடி உள்ளே வந்துவிடுவார்கள்.