ஃப்ரிஸ்கோ பக்கம் ஒரு ஃபேக்டரி கூட இல்ல, அப்புறம் ஏன் ஓசோன் அலர்ட்?

லிட்டில்எல்ம்_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம்தான் நியூ ஜெர்சில இருந்து டாலஸ் பக்கம் வந்தோம், வீடு ஃப்ரிஸ்கோவ ஒட்டி. பையனுக்கு 9 வயசு, லேசா வீசிங் உண்டு. ஆகஸ்ட் மாசம் சாயங்காலம் 5 மணிக்கு கிரிக்கெட் கோச்சிங் போயிட்டு வந்தா அன்னைக்கு ராத்திரி கண்டிப்பா இருமல், இன்ஹேலர் எடுத்தே ஆகணும். ஃபோன்ல பாத்தா அதே நாள் "ஓசோன் ஆக்‌ஷன் டே"னு ஆரஞ்சு கலர்ல வந்திருக்கு. வானம் பளிச்னு நீலமா இருக்கு, புகையும் இல்ல நாத்தமும் இல்ல, சுத்தி வீடும் ஸ்கூலும் தான். டவுன்டவுன்ல இருக்கற ஃப்ரெண்டு அங்க எங்கள விட கம்மியா காட்டுதுங்கறான், இது எப்படி? இன்னொன்னு, இதை குறைக்க 30 வருஷமா பிளான் போட்டுட்டே இருக்காங்கன்னு படிச்சேன், இன்னும் ஏன் முடியல? கார் இன்ஸ்பெக்‌ஷன எடுத்துட்டாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, ஆனா எனக்கு எமிஷன் டெஸ்ட் பண்ணுனு லெட்டர் வந்திருக்கு, அதுவும் இதுக்காகத்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டென்டன்_தம்பி:
அண்ணா, ஓசோன் எந்த சிம்னில இருந்தும் நேரா வராது. வண்டி, ஜெனரேட்டர், புல்டோசர், பவர் பிளான்ட்ல இருந்து வர்ற நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல் ஆவி, பெயின்ட், மரம் விடற வாயு மாதிரி ஆர்கானிக் சாமானும் சேர்ந்து வெயில்ல வெந்து உண்டாகறது. அது வேக நாலஞ்சு மணி நேரம் ஆகும், அதுக்குள்ள காத்து அதை தள்ளிட்டு போயிடும். இங்க கோடைல பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்கு காத்து. காலைல டாலஸ்லயும் ஆர்லிங்டன்லயும் ஆபீஸ் ட்ராஃபிக்ல விட்டது மதியத்துக்கு மேல உங்க தலைக்கு மேல வந்து நிக்குது. டென்டன் ஏர்போர்ட், கெல்லர், கிரேப்வைன், ஈகிள் மவுன்டன் லேக், ஃப்ரிஸ்கோ, இங்க இருக்கற ஓசோன் அளக்கற மானிட்டருங்கதான் வழக்கமா அதிகமா காட்டும், எல்லாமே வடக்கு, வடமேற்கு. டவுன்டவுன்ல கம்மியா இருக்கறதுக்கு காரணம் அங்க காத்து சுத்தமா இருக்கறது இல்ல, வண்டில இருந்து புதுசா வர்ற நைட்ரிக் ஆக்சைடு அங்கயே ஓசோன தின்னுடுது, அவ்வளவுதான். டவுன்டவுன் காரன் விட்டதுக்கு நாம இருமறோம் 😅

மான்ஸ்ஃபீல்டு_மாப்ள:
அட போங்க. இதெல்லாம் கணக்கு காட்டற வேலைங்க. காத்துல ஓசோன் மொதல்ல 84 பிபிபி (நூறு கோடில 84 பங்கு) வரைக்கும் இருக்கலாம்னாங்க, அத தொடற நேரத்துல 2008-ல 75-னாங்க, 2015-ல 70-னாங்க. கோட்ட நகத்திட்டே போனா யாருங்க தாண்டறது? ஹூஸ்டன்ல இருந்து காத்துல வருது, கிழக்கு டெக்ஸாஸ் ஓக் மரம் ஐசோப்ரீன்னு ஒரு வாயு விடுது, மெக்சிகோல காட்டுக்கு தீ வச்சா அந்தப் புகையும் இங்க வருது. இதுக்கு நான் வருஷா வருஷம் காசு குடுத்து டெஸ்ட் எடுக்கணும். பிளான் போடறவங்களுக்கு வேலை நடக்குது, நமக்கு என்னங்க நடக்குது?

ரோடு_மாடல்_அக்கா:
நான் ட்ராஃபிக் மாடலிங் பண்ற கன்சல்டன்ட், இந்தப் பிளான் சமாச்சாரத்துல பல வருஷமா உருண்டு பொரண்டவ, அதனால கொஞ்சம் நீளமா போகும்.

மாப்ள சொன்னதுல பாதி நிஜம். வெளியில இருந்து வர்றது நிறைய. ஆனா ஈபிஏ (ஃபெடரல் சுற்றுச்சூழல் ஏஜென்சி) கோட்ட நகத்தினது பொழுதுபோகாம இல்ல, கம்மி அளவுலயே குழந்தைங்க நுரையீரல் பாதிக்குதுன்னு ஆராய்ச்சி வந்துட்டே இருந்துச்சு, அதனாலதான். அப்புறம் ஒண்ணும் நடக்கலன்னு சொல்றத ஒத்துக்க முடியாது. 2000 வாக்குல இந்த ஏரியா 100-ஐ ஒட்டி இருந்துச்சு, இப்ப 80 பக்கம். அதே காலத்துல ஜனத்தொகை 50 லட்சத்த ஒட்டி இருந்தது 80 லட்சத்தையும் தாண்டிடுச்சு. 1997-ல வச்ச 84-ஐ 2014 வாக்குல தொட்டோம். கடைசி பத்து பாயின்ட்தான் உயிர எடுக்குது.

மார்க் போடற விதம் தெரிஞ்சா இது ஏன் கஷ்டம்னு புரியும். ஒவ்வொரு மானிட்டர்லயும் அந்த வருஷத்துல நாலாவது மோசமான நாளோட 8 மணி நேர சராசரிய எடுப்பாங்க, அப்படி மூணு வருஷத்த கூட்டி சராசரி. அதுல எந்த மானிட்டர் அதிகமோ அதுதான் மொத்த ஏரியாவுக்கும் மார்க். கெல்லர்ல ஒரு மானிட்டர் ஃபெயில்னா காஃப்மன் கவுன்டியும் ஃபெயில். அதனாலதான் இத ஒரு சிட்டி தனியா பண்ண முடியாது, 75-க்கு 10 கவுன்டி, 70-க்கு 9 கவுன்டி சேர்த்து ஒரே ஏரியாவா வச்சிருக்காங்க. 75-க்கு கோடு போடும்போது வைஸ் கவுன்டிய உள்ள இழுத்தாங்க, அங்க பார்னெட் ஷேல்ங்கற பாறை அடுக்குல இருந்து எடுக்கற கேஸ் கிணறுங்க, கம்ப்ரஸர் இஞ்சின் எல்லாம் இருக்கறதால பெரிய சண்டையே நடந்துச்சு.

ஃபெயில் ஆனா என்ன? க்ளீன் ஏர் ஆக்ட்ங்கற ஃபெடரல் சட்டத்தோட 1990 திருத்தத்துல படி வச்சிருக்காங்க: மார்ஜினல், மாடரேட், சீரியஸ், சிவியர், எக்ஸ்ட்ரீம். தேதிக்குள்ள முடிக்கலன்னா அடுத்த படிக்கு தள்ளுவாங்க, மேல போகப்போக டைம் கூட கிடைக்கும், ஆனா கயிறும் இறுகும். நாம 2008 அளவுக்கு 2022 நவம்பர்ல சிவியர் ஆயிட்டோம், கெடு 2027 ஜூலை 20. அதாவது 2024, 25, 26 இந்த மூணு கோடையோட சராசரிதான் பரீட்சை. சிவியர்னா வருஷத்துக்கு 25 டன் நைட்ரஜன் ஆக்சைடு விட்டாலே அது பெரிய சோர்ஸ், பர்மிட் கறாராயிடும். புதுசா பிளான்ட் போடறவன் ஒரு டன் விடணும்னா வேற எங்கயாவது 1.3 டன் குறைச்சுக் காட்டணும். அந்தக் கெடுவுலயும் தவறினா பெரிய கம்பெனிங்க ஒரு அளவுக்கு மேல விடற ஒவ்வொரு டன்னுக்கும் ஃபீஸ் கட்டணும், 1990-ல 5,000 டாலர்னு எழுதினது, விலைவாசி சேர்த்தா இன்னைக்கு 10,000-க்கு மேல. பெட்ரோல் பங்க்ல கூட இது தெரியும், டாலஸ், டாரன்ட், காலின், டென்டன்ல 1995-ல இருந்தே ஆவி கம்மியா விடற பெட்ரோல்தான், சிவியர் ஆனதும் மத்த ஆறு கவுன்டிக்கும் 2023 நவம்பர்ல அதே வந்துடுச்சு.

70-ங்கற அளவுக்கு நடந்தது எனக்குப் பிடிக்கல. மாடரேட்ல இருந்தப்ப, முடியாதுன்னு தெரிஞ்சதும் கவர்னரே எங்கள சீரியஸுக்கு தள்ளிடுங்கன்னு லெட்டர் போட்டாரு, 2024 ஜூன்ல ஈபிஏவும் குடுத்துடுச்சு, கெடு 2027 ஆகஸ்ட் 3. படிக்காத பையன் பரீட்சைய தள்ளி வைக்கச் சொன்ன கதை. சட்டத்துல இடம் இருக்கு, தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா மாடரேட்டுக்கு உண்டான வேலைய பண்ணாமலே தாண்டிட்டோம், கெடு தள்ளிப்போன காலம் முழுக்க உங்க பையன் மாதிரி பசங்க அதே காத்தத்தான் குடிக்கணும்.

நிஜமான பல்லு எங்க இருக்குன்னா ரோட்டு காசுல. மாநிலம் போடற பிளான்ல வண்டிங்க எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு இவ்வளவு டன்தான் விடலாம்னு ஒரு பட்ஜெட் இருக்கும். ஆர்லிங்டன்ல இருக்கற என்சிடிகாக் (இந்த ஏரியா சிட்டி, கவுன்டிங்களோட கூட்டமைப்பு) ஒவ்வொரு தடவ நீண்டகால ரோடு பிளான் போடும்போதும், இந்த டோல்வே, இந்த எக்ஸ்ட்ரா லேன், இந்த டார்ட் ரயில் எல்லாம் கட்டினப்புறமும் அந்தப் பட்ஜெட்டுக்குள்ளதான் இருக்கோம்னு மாடல் ஓட்டி நிரூபிக்கணும். முடியலன்னா புது லேனுக்கு ஃபெடரல் பணம் வராது, சேஃப்டி, பஸ் ரயில் மாதிரி சிலதுக்கு மட்டும்தான். இது சும்மா பூச்சாண்டி இல்ல, அட்லாண்டாவுக்கு 1998-ல நிஜமாவே நடந்துச்சு, ரோட்டு பணம் நின்னு போய் அடுத்த வருஷமே ஜார்ஜியா தனியா ஒரு ரீஜனல் போக்குவரத்து அமைப்ப உருவாக்க வேண்டியதாச்சு. இங்க ஒவ்வொரு மேயரும் ஓசோன் மீட்டிங்குக்கு ஒழுங்கா வர்றதுக்கு காரணம் ஆஸ்துமா இல்லங்க, 635, 35 ஹைவேங்கதான்.

மான்ஸ்ஃபீல்டு_மாப்ள:
அக்கா, சரி, ரோட்டு காசு மேட்டர் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா மிட்லோதியன் சிமென்ட் சூளை எங்க ஊருக்குப் பக்கத்துல தான். அவன விட்டுட்டு என் 2012 கேம்ரிய டெஸ்ட் பண்ணி என்ன ஆகப்போகுது?

ரோடு_மாடல்_அக்கா:
அவன விடல. அங்க பழைய ஈர முறை சூளைங்கள மூடினதும் ட்ரை முறைக்கு மாத்தினதும் இந்த விதிங்களோட அழுத்தத்துலயும்தான். வண்டி கணக்குலயும் உங்க கேம்ரி பெரிய ஆளு இல்ல. பழைய டீசல் லாரி, கட்டட வேலை மெஷின், ரயில் இஞ்சின் இதுங்கதான் தொல்லை. அதுக்குத்தான் 2001-ல டெர்ப்னு ஒரு திட்டம் கொண்டு வந்து, பழைய டீசல் இஞ்சின கடாசி புதுசு வாங்க மாநிலமே மானியம் குடுக்குது. எனக்குக் கேட்டா காருக்கு டெஸ்ட் பண்றத விட அந்த மானியத்த ரெண்டு மடங்காக்கலாம், இது என் அபிப்ராயம் மட்டும்தான்.

கார்ரால்டன்_மெக்கானிக்:
டெஸ்ட் பத்தி நான் சொல்றேன். 2025 ஜனவரி 1-ல இருந்து எடுத்தது சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன மட்டும்தான். 17 கவுன்டில எமிஷன் அப்படியே இருக்கு, காலின், டென்டன் ரெண்டும் அதுல உண்டு. 2 வருஷத்துல இருந்து 24 வருஷம் வரைக்குமான பெட்ரோல் வண்டிக்குத்தான், ஹைபிரிடும் சேர்த்தி, டீசலுக்கும் எலக்ட்ரிக்குக்கும் வேண்டாம். ஸ்டீயரிங்குக்கு கீழ ஒரு ப்ளக் இருக்கும், அதுல மெஷின சொருகிப் பார்ப்பாங்க, அஞ்சு பத்து நிமிஷ வேலை. நிறைய பேர் மாட்டறது எங்கன்னா, செக் இஞ்சின் லைட் எரியுதுன்னு முந்தின நாள் பேட்டரிய கழட்டி மாட்டிட்டு வருவாங்க. லைட் போயிடும், ஆனா வண்டி கம்ப்யூட்டர் தன்னையே சோதிச்சுப் பாக்கற மானிட்டர் எல்லாம் "நாட் ரெடி"னு காட்டும், ஒண்ணுக்கு மேல அப்படி இருந்தா மெஷினே திருப்பி அனுப்பிடும். பேட்டரி மாத்தினா ஹைவேலயும் சிட்டிலயும் சில நாள் ஓட்டிட்டு வாங்க. ரெஜிஸ்ட்ரேஷன் முடியறதுக்கு 90 நாள் முன்னாடியே எடுக்கலாம், கடைசி வாரத்துக்கு வச்சுக்காதீங்க. அப்புறம் பெட்ரோல் போடும்போது க்ளிக்னு நின்னதுக்கு மேல அமுக்கி அமுக்கி போடாதீங்க, அந்த ஆவியும் இந்தக் கணக்குலதான் வருது.

மூச்சு_நர்ஸ்:
பையனுக்கு: ஓசோன் மதியம் 2-ல இருந்து 7 வரைக்கும்தான் உச்சம். கோச்சிங்க காலைக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க, 9 மணிக்குள்ளன்னா பெரும்பாலும் பிரச்சனை இருக்காது. ஆரஞ்சு நாள்ல கிரவுண்ட சுத்தி ஓட விடாம நெட்ல பேட்டிங் மட்டும் பண்ணச் சொல்லலாம், வேகமா ஓடும்போது வாயால ஆழமா இழுக்கறதுதான் ஆபத்து. என்95 மாஸ்க் போட்டா போதும்னு நினைக்காதீங்க, அது தூசிக்கு, வாயுவ நிறுத்தாது. வீட்டுக்குள்ள ஜன்னல் மூடி ஏசி போட்டா ஓசோன் நல்லாவே குறையும், ஆனா அயனைசர்னு விக்கற சில ஏர் ப்யூரிஃபையர் தானே ஓசோன் விடும், அத வாங்காதீங்க. ஆக்‌ஷன் பிளான்னு டாக்டர் ஒரு பேப்பர் எழுதிக் குடுப்பாங்க, அத கேட்டு வாங்கி கோச்சுக்கும் ஸ்கூல் நர்ஸுக்கும் ஒரு காப்பி குடுத்து வைங்க. ராத்திரி இருமல் வாடிக்கையா வருதுன்னா டாக்டர பாத்தே ஆகணும்.

லிட்டில்எல்ம்_வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பாக்கல. கோச்ச கேட்டேன், சனிக்கிழமை காலைல ஒரு பேட்ச் இருக்காம், வார நாள்ல முடியாதுன்னுட்டாரு. நம்ம ஊர்ல இப்படி எதாவது பிளான் உண்டா, அப்பா அம்மா சென்னைல இருக்காங்க அதான் கேக்கறேன்.

டென்டன்_தம்பி:
அளவு இருக்குண்ணா. 2009-ல வச்சது, 8 மணி நேரத்துக்கு 100 மைக்ரோகிராம், பிபிபில சொன்னா சுமார் 50. காகிதத்துல பாத்தா இங்க இருக்கற 70-ஐ விட கறார். ஆனா 2019-ல வந்த தேசிய திட்டத்துல சிட்டிங்களுக்கு குடுத்த இலக்கு தூசிய குறைக்கறதுக்குத்தான், ஓசோனுக்கு இங்க மாதிரி கெடு, ஏரியா, ரோட்டு பணம்னு கட்டிப்போடற கயிறு எதுவும் அதுல இல்ல.

ரோடு_மாடல்_அக்கா:
லிட்டில்எல்ம், உங்களுக்கு நேரம் இருந்தா ஒண்ணு பண்ணுங்க. ரோட்டு காச முடிவு பண்ற ரீஜனல் ட்ரான்ஸ்போர்டேஷன் கவுன்சில் மாசா மாசம் ஆர்லிங்டன்ல கூடும், யார் வேணா போய் உக்காரலாம். மாநிலம் ஓசோன் பிளான் டிராஃப்ட் விடும்போதும் டிசிஈக்யூ (மாநில சுற்றுச்சூழல் ஆணையம்) பொதுமக்கள் கிட்ட கமென்ட் வாங்கும். அங்க கம்பெனி வக்கீலுங்களும் ரெண்டு மூணு சுற்றுச்சூழல் அமைப்புங்களும்தான் எழுதறாங்க, நம்ம பக்கத்துல இருந்து ஒருத்தரையும் பார்த்ததில்ல. பையன் இருமல் எந்தெந்த தேதில வந்துச்சுன்னு எழுதி வச்சு, அன்னைக்கு ஃப்ரிஸ்கோ மானிட்டர் எவ்வளவு காட்டுச்சுன்னு பக்கத்துல போட்டு ஒரு பக்கம் அனுப்புங்க, போதும்.

மான்ஸ்ஃபீல்டு_மாப்ள:
கமென்ட் எங்க எழுதறதுன்னு லிங்க் போடுங்க அக்கா, சிமென்ட் சூளை பத்தி நானும் எழுதறேன்.