புதுப்பிப்பு: பக்கவாதத் தோளில் விரல் இடைவெளி மட்டும் போதாது

பக்கவாதம் வந்தவரின் தோள்மூட்டு சற்று இறங்கி, தோள் எலும்பின் நுனிக்கும் மேல்கை எலும்பின் தலைக்கும் நடுவே இடைவெளி விழலாம்; அங்கே விரல் வைத்து அதை அளந்து பார்ப்பதை முன்பு எழுதியிருந்தோம். "அப்பத்தாவுக்கு ஒரு விரல் இடைவெளி இருக்கு, வலி அதனாலதானா?" என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். இடைவெளி இருந்தும் வலியில்லாதவர்கள் உண்டு; இடைவெளியே இல்லாமல் துடிப்பவர்களும் உண்டு.

ஊஞ்சலில் வைத்துப் பார்க்காதீர்கள். பாதம் தரையில் பதியும் நாற்காலியில் உட்காரவைத்து, கையைத் தாங்கலின்றித் தொங்கவிட்டு, நல்ல பக்கத்தோடு ஒப்பிடுங்கள். படுத்த நிலையில் இடைவெளி தெரியாமல் போகும்.

எங்கள் பார்வையில் இதைவிட முக்கியம் வெளிச்சுழற்சி. மேல்கை விலாவோடு ஒட்டியிருக்க, முழங்கையை 90 டிகிரி மடக்கி, முன்கையை மெல்ல வெளியே திருப்ப வேண்டும். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்திக் கோணத்தைக் குறியுங்கள். வேகமாகத் திருப்பிப் பார்ப்பது பிசியோதெரபிஸ்ட் வேலை. வேகத்தில் மட்டும் பிடித்து நின்றால் நரம்புவழி வரும் தசை இறுக்கம். மெல்லத் திருப்பினாலும் அதே இடத்தில் நின்றால் மூட்டைச் சுற்றியுள்ள உறையோ தசையோ சுருங்கியிருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

புறங்கை வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, விரலை மடக்கினாலே வலித்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பேச்சு போனவர்களிடம் வலியளவு கேட்க, சிரிப்பு முதல் அழுகை வரை வரைந்த முகப்படங்கள் உதவும். படங்களை மேலிருந்து கீழாக அடுக்குங்கள். பக்கவாதத்தால் இடப்பக்கம் கவனத்தில் பதியாமல் போனவர்களுக்குப் பக்கவாட்டு வரிசையில் பாதி தெரியாது.

திண்ணையிலிருந்து எழுப்பும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. இடுப்பைப் பிடியுங்கள்.