ஆயிரக்கணக்கான வி.எஸ்.ஜி. மரபணுக்களில் ஒன்று மட்டும் வெளிப்படுவது எப்படி?

கேள்வி:
உறக்க நோயை உண்டாக்கும், செட்சி ஈ பரப்பும் டிரிப்பனசோமா புரூசியை ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதமான வி.எஸ்.ஜி.க்கு, பழுதுபட்ட போலி மரபணுக்களையும் சேர்த்து, 2000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. ஆனால் ஓர் உயிரணுவில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் வெளிப்படுகிறது. மற்றவை எவ்வாறு அடங்கியிருக்கின்றன? அவற்றுள் பெரும்பாலானவை பழுதுபட்டவை என்றால், இந்த உயிரி அவற்றை ஏன் சுமக்கிறது?

மறுமொழி 1:
குரோமோசோம் முனைகளில், டெலோமியர் என்னும் முனைக்காப்பை ஒட்டி, வெளிப்பாட்டுத் தளங்கள் என்னும் பகுதிகள் உள்ளன. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் இனக்கூறில் இவை சுமார் 15. அங்கு அமர்ந்திருக்கும் மரபணுவுக்குத்தான் வெளிப்படும் வாய்ப்பு உண்டு. அந்தத் தளங்களிலும் ஒன்று மட்டுமே உட்கருவிலுள்ள ஒரு தனித்த புள்ளியில், மற்ற உயிர்களில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஆக்கும் பாலிமரேஸ் 1 நொதியால் படியெடுக்கப்படுகிறது. புரத மரபணுவை இந்த நொதி படியெடுப்பது மிக அரிது. ஓர் உயிரணுவைப் போர்த்தியிருக்கும் ஏறத்தாழ 1 கோடி வி.எஸ்.ஜி. மூலக்கூறுகளும் இவ்வாறு ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்விக்கு: அவற்றைப் பழுது என்று ஒதுக்கிவிட முடியாது. மரபணு மாற்றீட்டின்போது அடங்கியிருக்கும் மரபணுக்களின் கிடங்கிலுள்ள ஒன்றின் நகல் செயல்படும் தளத்துக்கு வந்து பழையதன் இடத்தைப் பிடிக்கிறது. தொற்றின் தொடக்கத்தில் பெரும்பாலும் முழு மரபணுக்களே இப்படி வருகின்றன. நாள்பட்ட தொற்றிலோ, பல போலி மரபணுக்களின் துண்டுகள் ஒட்டுத்துணிபோல் இணைந்து, உடல் முன்பு கண்டிராத புதிய மேலுறையைத் தருகின்றன. எதிர்ப்பொருள்கள் பெரும்பான்மையை அழித்தாலும் உறை மாற்றிய சிலவற்றிலிருந்து அடுத்த அலை எழுகிறது. இதனால்தான் வி.எஸ்.ஜி.யைக் குறிவைத்து உறக்க நோய்க்குத் தடுப்பூசி செய்வது இதுவரை கைகூடவில்லை.

கேள்வி கேட்டவர்:
இரு விளக்கங்களுக்கும் நன்றி. மலேரியா ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதம் ஒன்றை வைத்துத் தடுப்பூசி செய்ய முடிந்தது எப்படி?

மறுமொழி 3:
மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பால்சிபாரத்திலும் இத்தகைய மரபணுக் குடும்பம் உண்டு. சுமார் 60 வார் மரபணுக்கள், சிவப்பணுவின் மேற்பரப்பில் தோன்றும் புரதத்தை மாற்றி மாற்றித் தருகின்றன. ஆனால் கொசு செலுத்தும் ஸ்போரோசோயிட் என்னும் தொடக்க நிலை ஒட்டுண்ணியை மூடியிருக்கும் சி.எஸ்.பி. புரதத்துக்கு ஒரே ஒரு மரபணுதான். ஆஸ்பராஜின், அலனின், ஆஸ்பராஜின், புரோலின் என்ற அமினோ அமில வரிசை அதன் நடுப்பகுதியில் திரும்பத் திரும்ப வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-லும் 2023-லும் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும் இப்பகுதியைக் கொண்டவை. எனினும் ஒரு ஸ்போரோசோயிட் தப்பி ஈரலை அடைந்தாலும் போதும், அங்கிருந்து சி.எஸ்.பி. இல்லாத ஆயிரக்கணக்கான ஒட்டுண்ணிகள் இரத்தத்தில் இறங்கிவிடும். எனவே எதிர்ப்பொருளின் அளவு உயர்ந்திருக்க வேண்டும்; அது காலப்போக்கில் குறைவதால் நான்காவது தவணையும் பரிந்துரைக்கப்படுகிறது.