எயோவின் சொல்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது? டோல்கீன் மகிஷாசுரன் கதை கேட்டிருப்பாரா?

பட்டர்வொர்த் வாசகி:

போன மாதம் சௌராஸ்தா சந்தை மாடியில், பழைய புத்தகக் கடை ஒன்றில் டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் மூன்று பாகமும் சேர்ந்தே கிடைத்தது. மூன்றாம் பாகத்தின் அட்டை கிழிந்து, உள்ளே வரைபடத்தை யாரோ உருவியிருந்தார்கள். முப்பது ரிங்கிட் என்றார் கடைக்காரர். பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். படிவம் நான்கில் இரவல் வாங்கிப் படித்த புத்தகம்.

இப்போது மகளுக்குத் தினமும் இரவு தமிழில் சொல்லி வருகிறேன். பதினொரு வயது. அவளே ஆங்கிலத்தில் படிப்பாள், ஆனால் நான்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம்.

நேற்று பெலென்னோர் போர்க்களத்துக்கு வந்தோம். மன்னர் தியோடென் குதிரைக்கு அடியில் கிடக்கிறார். ஆண் வேடத்தில் வந்த எயோவின் என்ற பெண் குறுக்கே நிற்கிறாள். உயிருள்ள 'மேன்' யாராலும் என்னைத் தடுக்க முடியாது என்கிறான் சூனியக்கார அரசன். அவள் சிரித்துவிட்டு, நான் பெண் என்கிறாள்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். 'மனிதன்' என்று சொன்னேன். "எயோவினும் மனுஷிதானேம்மா?" என்றாள் மகள். 'ஆண்' என்று மாற்றினால், அவன் வாயைத் திறந்ததுமே முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. விளக்கை அணைத்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

படுத்த பிறகு பாட்டி ஞாபகம் வந்தது. நவராத்திரிக்கு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போவார். சுண்டலை முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பி வரும் ஃபெரியில் மகிஷாசுரன் கதை சொல்வார். "எவனாலயும் எனக்குச் சாவு வரக் கூடாதுன்னு வரம் கேட்டான். பொம்பளைய அவன் கணக்குலயே சேர்க்கல." அப்படியே இந்தக் காட்சி. டோல்கீன் நம் புராணத்தைப் படித்துத்தான் இதை எழுதினாரா? அப்புறம், அந்த வசனத்துக்கு ஒரு நல்ல வழி சொல்லுங்கள். இன்று இரவுக்குள் வேண்டும்.

ஆயர் ஈத்தாம் தம்பி:

அக்கா, இதற்கு மூலம் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பெண் வயிற்றில் பிறந்த யாராலும் உனக்குத் தீங்கு இல்லை என்று மேக்பெத்துக்கு வாக்கு. கடைசியில் எதிரே வந்து நிற்கும் மேக்டஃப், தாய் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன். அதே நாடகத்தில், காடு கோட்டையை நோக்கி நடந்து வரும்வரை நீ தோற்க மாட்டாய் என்று இன்னொரு வாக்கும் உண்டு. வந்தது காடு இல்லை, கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்ட படைவீரர்கள். பள்ளியில் படித்தபோது இது தனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது என்று 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன் சொல்கிறார். மரங்கள் நிஜமாகவே போருக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். அவர் கதையில் வரும் என்ட்கள் என்ற நடமாடும் மர மனிதர்கள் அப்படி வந்தவர்கள்தான். குள்ளர்களின் பெயர்களை, மந்திரவாதி கேண்டால்ஃப் பெயரையும் சேர்த்து, வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழிப் பாடலிலிருந்து எடுத்தார். அவர் எழுதிய இன்னொரு கதையான டூரின் கதைக்கு மூலம் ஃபின்லாந்தின் கலேவாலா காவியம். நம் புராணத்திலிருந்து எடுத்தார் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை.

பிறை வாத்தியார்:

தம்பி சொல்வது சரி. ஆனால் உங்கள் பாட்டி சொன்ன ஒற்றுமையும் பொய் இல்லை, அம்மா. வரத்தில் ஓட்டை வைப்பது உலகம் முழுக்க உள்ள பழைய வித்தை. டோல்கீனுக்கு வெல்ஷ் மொழி மேல் உயிர். அந்த மொழியின் இடைக்காலக் கதைத் தொகுதியான மாபினோகியோனில் லெயு என்று ஒரு வீரன். வீட்டுக்குள்ளும் கொல்ல முடியாது, வெளியிலும் முடியாது. குதிரை மேலும் முடியாது, தரையிலும் முடியாது. கூரை போட்ட குளியல் தொட்டியின் விளிம்பில் ஒரு கால், ஆட்டின் முதுகில் ஒரு கால் என்று அவனை நிற்கவைத்து ஈட்டி எறிகிறார்கள். இதைப் படித்தால் நமக்கு யார் ஞாபகம் வருகிறது? இரணியன்தான்! வால்மீகியில் இல்லாத இரணியன் வதையைக் கம்பர் யுத்த காண்டத்தில் ஒரு படலமாகவே பாடினார். அதை இராவணனுக்குச் சொல்பவன் வீடணன். இராவணனுக்கும் வரத்தில் ஓட்டை உண்டு. மனிதரைப் புல்லாக நினைத்து, அவர்களிடமிருந்து காப்பு கேட்காமல் விட்டான். அப்படிப்பட்டவனுக்கு இந்தக் கதையை எடுத்துச் சொல்ல வைத்தாரே கம்பர், அந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

வசனத்துக்கு வருகிறேன். விடை உங்கள் பாட்டி வாயிலேயே இருக்கிறது: 'எவன்'. "உயிரோடு இருக்கும் எவனும் என்னைத் தடுக்க முடியாது." தமிழில் வீரம் பேசுகிறவன் இப்படித்தான் பேசுவான், யாருக்கும் சந்தேகம் வராது. அவள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்ளட்டும்: "எவனும் முடியாது, சரி. நான் அவன் இல்லை, அவள்." ஆங்கிலத்துக்கு 'மேன்' என்றால் நமக்கு னகரமும் ளகரமும்.

ஆயர் ஈத்தாம் தம்பி:

சார், அருமை. ஆனால் மெர்ரியை மறந்துவிட்டோமே! பின்னாலிருந்து சூனியக்கார அரசனை முழங்காலில் வெட்டியது அவன்தான். அவன் கையிலிருந்த பழைய கத்தி மந்திரக் கட்டினை அறுத்த பிறகுதான் எயோவின் வாள் இறங்கியது. மெர்ரி ஹாபிட் என்ற குட்டை இனத்தவன், 'மேன்' இல்லை. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் இரண்டு பேருக்கும் வழிவிடுகிறது. 'எவனும்' என்றால் மெர்ரியும் ஒரு எவன்தானே?

பட்டர்வொர்த் வாசகி:

இரண்டு பேருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு, சோறு வடிக்கும்போதே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் இப்படிச் சொன்னேன்: "உயிரோடு இருக்கும் மனுஷன் எவனும் என்னைத் தடுக்க முடியாது." மெர்ரி மனுஷன் இல்லை, எயோவின் எவனும் இல்லை.

நான் அடுத்த வரிக்குப் போகும் முன்பே மகள் கட்டில் மேல் எழுந்து நின்றுவிட்டாள். "அவ எவனும் இல்லம்மா, எவள்!" அப்புறம் போர்வையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து, மெர்ரிக்கு வெட்டின கை மரத்துப்போச்சே, சரியாகுமா என்று கேட்டாள். நாளைக்குக் குணமாக்கும் இல்லங்கள் அத்தியாயம்.