உறையில் எந்தப் பருவத்தை எழுதுவது?

மைக்கூடு:
சிங்கப்பூரில் நாங்கள் கையால் எழுத்தலங்காரம் செய்த உறைகளை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என ஆண்டுக்கு நான்கு சுற்றுகளாக அஞ்சலில் பரிமாறிக்கொள்கிறோம். சென்ற இலையுதிர்காலச் சுற்றில் எனக்கு வந்த ஐந்து உறைகளிலும் மேப்பிள் இலைதான் இருந்தது. அனுப்பியவர்களோ ஈசூனிலும் பிடோக்கிலும் குடியிருப்பவர்கள். இதற்குப் பதிலாகத் தொல்காப்பியம் ஆண்டைப் பிரிக்கும் ஆறு பருவங்களை, அதாவது பெரும்பொழுதுகளை, எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். மழைக்காலமான காருக்கு முல்லை, குளிர்காலமான கூதிருக்கும் அடுத்து வரும் முன்பனிக்கும் குறிஞ்சி எனப் பூவும் நிலமும் சேர்ந்தே கிடைப்பதால், எழுதும் கைக்கு வேலை நிறைய இருக்கும்.

ஈரக்காற்று:
மேப்பிள் இரவல் என்றால் முன்பனியும் இரவல்தானே? முன்பனிக்குரிய மார்கழியிலும் தையின் தொடக்கத்திலும் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. துவைத்த துணிகூடக் காய்வதில்லை. தவிர, உள்ளூர்க் கடிதக் கட்டணம் 2023 அக்டோபரில் 31 காசிலிருந்து 51 காசுக்கு ஏறிய பிறகு, நான்கு சுற்றை ஆறாக்குவது நம்மில் மாணவர்களாக இருப்பவர்களுக்குச் சுமை.

மைக்கூடு:
பனி இல்லை என்பதற்காகத் தை பிறந்ததும் யாரும் பொங்கல் வைக்காமல் இருப்பதில்லை. வானிலை அறிக்கையை நான் கேட்கவில்லை. நம் மொழியிலேயே இருக்கும் பெயர்களைத்தான் கேட்கிறேன்.

தூரிகை:
இருவரும் நாட்காட்டியையே பார்க்கிறீர்கள். நீண்ட வறட்சிக்குப் பின் கனமழை பெய்தால், பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலோ ஆகஸ்ட், செப்டம்பரிலோ, டிரம்பெட் மரங்கள் பூத்துச் சில நாட்களில் உதிர்த்துவிடுகின்றன. ஒருமுறை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே விழுந்திருந்த பூவொன்றை எடுத்து வந்து, உறையின் மேல் வைத்து, அதே இளஞ்சிவப்பு வரும்வரை வண்ணத்தைக் குழைத்தேன். பெறுபவரின் பெயரில் வந்த ‘ழ’கரத்தின் சுழியை முடிப்பதற்குள் பூவின் ஓரம் பழுப்பேறிவிட்டது. எனக்குப் பருவம் அதுதான். பூத்த அன்று எழுதி அனுப்புவோம்.

ஈரக்காற்று:
அழகான யோசனைதான், ஆனால் தேதி இல்லாத சுற்றில் பாதிப் பேர் அனுப்பவே மாட்டார்கள். பருவத்தை விடுங்கள், உறை போய்ச் சேர வேண்டாமா? ஒரு டிசம்பரில் கருநீல உறையில் நீரில் கரையும் வெள்ளைக் குவாஷ் வண்ணத்தால் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஈரம் பட்டு அஞ்சல் குறியீட்டின் ஆறு இலக்கங்களில் இரண்டு கரைந்துபோயின. அந்த ஆறு இலக்கங்கள் பெரும்பாலும் ஒரே கட்டடத்தைக் குறிப்பவை என்பதால், ஓர் இலக்கம் மாறினாலும் கடிதம் வேறு புளோக்குக்குப் போய்விடும். என் உறை மூன்று வாரம் கழித்து என்னிடமே திரும்பி வந்தது.

மைக்கூடு:
அதை ஏற்கிறேன். பெயரைத் தமிழில் எவ்வளவு வளைத்தும் எழுதலாம். முகவரியும் குறியீடும் மட்டும் வெளிர்நிறச் சீட்டில், நீரில் கரையாத கறுப்பு மையில், ஆங்கிலத்தில் இருக்கட்டும். கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். தூரிகை சொல்லும் இரண்டாவது பூப்பும் ஏறக்குறைய அப்போதுதான். மரம் பூத்தால் கார் சுற்றில் அதையே வரையுங்கள், முல்லைதான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன்.

ஈரக்காற்று:
பூவும் இந்த ஊருடையது, மழையும் இந்த ஊருடையது. பிறகு கார் என்று ஏன் அழைக்க வேண்டும்? நான் ‘ஆவணி’ என்றுதான் எழுதி அனுப்புவேன்.