அப்பச்சியை ஓராண்டில் மூன்று முறை அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க நேர்ந்தது. வயது மட்டும்தான் காரணமா?

பள்ளத்தூர் மகன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பச்சிக்கு, அதாவது தந்தைக்கு, 81 வயது. ஆத்தாளும் அவர்களும் மட்டும் பள்ளத்தூர் வீட்டில் இருக்கிறார்கள்; நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். முதலில் தலைசுற்றி விழுந்தார்கள், பிறகு சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது, சென்ற மாதம் ஆத்தாளையே அடையாளம் தெரியாமல் ஏதேதோ பேசினார்கள். மூன்று முறையும் அவசரப் பிரிவில் எங்களைச் சுற்றியிருந்தவர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்களே. முன்கூட்டியே நாங்கள் கவனிக்கத் தவறியது ஏதேனும் உண்டா?

ஓய்வுபெற்ற செவிலியர், காரைக்குடி:
தம்பி, தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 10.4 விழுக்காடு, 2021-க்கான மதிப்பீட்டில் 13.6. கூட்டம் கூடுவதற்கு அது ஒரு காரணம். ஆனால் அப்பச்சிக்கு நேர்ந்த மூன்றுக்கும் வயதை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதுமையில் சாப்பாடு குறைகிறது, சிறுநீரகமும் தளர்கிறது. மாத்திரையின் அளவு மட்டும் பத்தாண்டுக்கு முன் எழுதியபடியே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். சிறுநீர்த் தொற்று வந்தால் பெரியவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே இராது, பேச்சுத் தடுமாற்றமும் குழப்பமுமே முதலில் தெரியும். இரத்த அழுத்தத்திற்காகத் தரும் நீர் மாத்திரையால் உடலில் சோடியம் குறைந்தாலும் அப்படித்தான். இரண்டு மருத்துவர்கள் ஒரே மருந்தை வேறு வேறு பெயரில் எழுதியிருக்க, இரண்டையும் விழுங்கி வந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டிற்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஆத்தாளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்:
நம் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பையும் சொல்ல வேண்டும். உயர்ந்த நிலைப்படிகள், ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல் தரை, வீட்டின் கடைசிப் பகுதியான பின்கட்டில் கழிவறை: இரவில் எழுந்து நடப்பவருக்கு இவை எல்லாமே இடர். எங்கள் ஐயா விழுந்த இரவில் 108 வண்டி முன்தெருவில் வந்து நின்றது. ஐயா கிடந்ததோ பின்தெருவை ஒட்டிய பின்கட்டில், சாவி எங்கே என்று அப்பத்தாவுக்கு நினைவில்லை. இடுப்பெலும்பு முறிந்த மனிதர் அப்படியே கிடந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. படுக்கையை முகப்பை ஒட்டிய அறைக்கு மாற்றிவிடுங்கள்.

தேவகோட்டை வாசகர்:
செவிலியர் ஆச்சி சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும், அதற்கு முன் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் வேண்டும். சிவகங்கைக்கோ மதுரைக்கோ போகும் பயண நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். விடியட்டும் என்று காத்திருந்துதான் எங்கள் தெருவில் ஒருவர் வலக்கையின் இயக்கத்தை இழந்தார். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியே இல்லாமலும் போகலாம். வியர்வையும் மூச்சுத்திணறலும் போதும், உடனே கிளம்பிவிடுங்கள்.

பள்ளத்தூர் மகன்:
மூவருக்கும் நன்றி. ஆத்தாளிடம் தொலைபேசியில் கேட்டு மாத்திரைகளை எழுதினேன். பதினொன்று வருகின்றன, அவற்றில் இரண்டு ஒரே மருந்து. சனிக்கிழமை ஊருக்கு வந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். பின்கட்டுச் சாவியை இன்றே பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.